சிடிஓ: மழைக் கோப்புகளை நன்றாக ஒட்டும், அளவைப் பற்றி மட்டும் வாய் திறக்காது

காலநிலைத் தரவுக் கோப்புகளை ஆண்டு ஆண்டாக இறக்கி ஒன்றாக ஒட்ட வேண்டியவர்களுக்கு, சிடிஓ (CDO) என்ற மென்பொருளைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. காசு கிடையாது. பழைய கணினியிலும் ஓடும். எண்ணில் ஏதாவது கோளாறு என்றால் மழுப்பாமல் நின்றுவிடும். ஆனால் ஒட்டி முடித்த கோப்பு எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது. கேட்டதைச் செய்துகொண்டே போகும், வட்டு நிரம்பினால் அது நம் பாடு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று முழுக்க இந்த அளவு விவகாரத்துக்காகத்தான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிற கடைதான். பேராதனையில் புவியியல் படித்தவள் என்பது ஊருக்குத் தெரியும் என்பதால், ஆய்வுக்கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் மழைத் தரவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். வந்ததும் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "அக்கா, இறக்கும்போது சின்னதாத்தானே இருந்துச்சு, சேர்த்த உடனே ஏன் இப்பிடி ஊதிப்போச்சு?" அதன் பின்னாலேயே அடுத்தது வரும்: "பென்டிரைவ்ல வேற ஏற மாட்டேங்குது."

பென்டிரைவ் கதையை முதலில் முடித்துவிடலாம். கடைகளில் விற்கும் பல பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டே வருகின்றன. அதில் 32 ஜிபி காலியாக இருந்தாலும், தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தொட்டால் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி அமைத்தால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலையகத்து மழையை ஆராய்கிற ஒருவருக்கு 4 ஜிபிக் கோப்பு எதற்கு என்பதுதான் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி.

இங்கே மழையை ஆராயக் காரணம் தேட வேண்டியதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வட்டவளையைப் போட்டு அடிக்கும், அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். கொஞ்சம் கிழக்கே உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு சுமார் 1,900தான். அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எந்தச் சரிவில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்கிற பிள்ளைகள் இங்கே எப்போதும் இருக்கிறார்கள். தோட்டத்து ஆபீஸ்களில் மழைமானி இருக்கும், மழைப் புத்தகம் இருக்கும். பழைய புத்தகங்களில் எல்லாம் அங்குலக் கணக்கு. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இருந்தாலும் மலை முழுவதையும் மூடுகிற அளவுக்கு மானிகள் கிடையாது. அதனால்தான் உலகத் தரவுகளைத் தேடிப் போகிறார்கள்.

பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஈஆர்ஏ5, கடந்தகால வானிலையைக் கணினி மாதிரியால் திரும்பக் கணித்த தரவு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கிடைக்கும், 1940 முதல் மணித்தியாலத்துக்கு ஒரு பதிவு, கட்டம் 0.25 பாகை. மற்றது சிர்ப்ஸ். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்மதித் தரவோடு மழைமானித் தரவையும் சேர்த்துத் தயாரிப்பது. 1981 முதல் நாளுக்கு ஒரு பதிவு, கட்டம் 0.05 பாகை, அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் அளவு. இரண்டுமே நெட்சிடிஎஃப் என்ற வடிவத்தில் கிடைக்கும். சிடிஓ அந்த வடிவத்தைக் கையாள ஹம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தில் உருவான கட்டளைத் தொகுதி. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் உள்ளே இருக்கின்றன. நமக்குத் தேவை அதில் ஒரு கைப்பிடி.

இப்போது கணக்குக்கு வருவோம். சிர்ப்ஸ் இரண்டாம் பதிப்பின் கட்டம் தென் 50 பாகையிலிருந்து வட 50 பாகை வரை உலகைச் சுற்றி வரும். குறுக்கே 7,200, நெடுக்கே 2,000, மொத்தம் 1 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு நாளுக்கு 57.6 எம்பி, ஒரு வருடத்துக்கு 21 ஜிபி. ஆனால் நாம் இறக்கும் வருடக் கோப்பு ஏறக்குறைய ஒரு ஜிபிதான். எப்படி? கடல் முழுக்க வெற்றுக் குறி, பாலைவனம் முழுக்கப் பூச்சியம். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சுருக்கும் முறைக்குக் கொண்டாட்டம். கோப்புக்குள்ளேயே அது சுருக்கப்பட்டிருக்கிறது, வெளியே ஸிப் என்ற பெயர் எதுவும் தெரியாது. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். 1981 முதல் 2020 வரை நாற்பது கோப்பு, நாற்பது ஜிபி சொச்சம், ஒட்டினாலும் அதே நாற்பதுதானே என்று நினைத்து மெர்ஜ்டைம் கட்டளையைக் கொடுக்கிறார்கள். என் கணினியில் உள்ள சிடிஓ பதிப்பு, நாம் சொல்லாவிட்டால் வெளிவரும் கோப்பைச் சுருக்காது. வாசிக்கும்போது விரித்துவிடும், எழுதும்போது விரித்தபடியே எழுதும். 14,610 நாட்கள், நாளுக்கு 57.6 எம்பி. பெருக்கிப் பாருங்கள், 840 ஜிபியைத் தாண்டும். நம் பிள்ளைகளின் லேப்டாப் எதில் அவ்வளவு இடம் இருக்கிறது?

இதற்கு முதல் மருந்து சுருக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் முதல் மருந்து வெட்டுவது. இலங்கைக்கு வடக்கே 10, தெற்கே 5.75, மேற்கே 79.5, கிழக்கே 82 பாகை என்று ஒரு பெட்டி போட்டால் தீவு முழுவதும் உள்ளே வந்துவிடும். சிர்ப்ஸில் அந்தப் பெட்டி 50க்கு 85, ஆக 4,250 புள்ளிகள். நாற்பது வருடத்துக்கும் சேர்த்து, சுருக்காமலே, 248 எம்பி. ஒரு சினிமாப் படத்தைவிடச் சின்னது. சிடிஓவில் செல்லான்லாட்பாக்ஸ் என்ற கட்டளை இந்த வேலையைச் செய்யும். அதன் அருமை என்னவென்றால், கட்டளைகளைத் தொடர்ச்சியாகக் கோத்துவிடலாம். அப்ளை என்று எழுதி, சதுர அடைப்புக்குள் எல்லாக் கோப்புகளையும் கொடுத்தால், ஒவ்வொன்றையும் வெட்டி வெட்டி ஒட்டியபடியே போகும். இடையில் தற்காலிகக் கோப்பு எதுவும் வட்டில் உட்காராது. ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டலாம் என்று இருந்தவர்கள்தான் வட்டு நிரம்பி என் கடைக்கு வந்தவர்கள்.

ஈஆர்ஏ5 என்றால் வெட்டும் வேலை இன்னும் முன்னாலேயே முடிந்துவிடும். கோப்பர்நிக்கஸ் தளத்தின் படிவத்திலேயே பகுதியைக் கேட்டுப் பெறலாம். உலகம் முழுக்க என்றால் ஒரே மாறி, ஒரே வருடம், மணிக்கணக்கில், 36 ஜிபி. நம் பெட்டி என்றால் 18க்கு 11, வெறும் 198 புள்ளிகள், வருடத்துக்கு 7 எம்பி. மழைக்காலத்தில் இங்கே இணையம் படுத்துவிடுகிற வேகத்தைப் பார்த்தால், உலகம் முழுவதையும் இறக்குகிற யோசனையே யாருக்கும் வரக்கூடாது. ஆனால் வருகிறது. படிவத்தில் கடைசியில் இருக்கும் அந்தப் பகுதியைப் பலர் பார்ப்பதே இல்லை.

வெட்டியாயிற்று, இப்போது சுருக்கலாம். சிடிஓவில் இசட் என்ற தெரிவோடு ஜிப்_1 என்று கொடுக்க வேண்டும். உள்வரும் கோப்பு பழைய நெட்சிடிஎஃப்-3 வகை என்றால், எஃப் தெரிவில் என்சி4 என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வகைக்கு உள்ளுக்குள் சுருங்கத் தெரியாது. (கட்டளைகளை எல்லாம் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.) சுருக்கும் அளவு 1 முதல் 9 வரை உண்டு. ஒன்பது என்றால் ஒன்பது மடங்கு சிறிதாகும் என்று எண்ணி 9 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைத் தரவில் 1க்கும் 9க்கும் அளவில் வித்தியாசம் சொற்பம், நேரத்தில் வித்தியாசம் பெரிது. பின்னேரம் கரண்ட் போகலாம் என்ற ஊரில் 1 போதும். இன்னொன்று, சுருக்கிய கோப்பை வெளியே மறுபடி ஸிப் செய்வதில் ஒரு பயனும் இல்லை. பிழிந்ததைத்தான் திரும்பப் பிழிகிறீர்கள்.

அளவு குறைக்க நான் அதிகம் விரும்புகிற வழி வேறு. மணிக்கணக்குத் தரவை வைத்து நாள் மழையைத்தான் ஆராயப்போகிறீர்கள் என்றால், நாள் கூட்டுத்தொகையாக மாற்றிவிடுங்கள், 24இல் ஒரு பங்காகிவிடும். ஈஆர்ஏ5 பெட்டி நாற்பது வருடத்துக்கு 350,640 மணிப் பதிவுகள், 278 எம்பி. நாளாக மாற்றினால் 12 எம்பிக்குள் அடங்கும். மின்னஞ்சலிலேயே அனுப்பலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. நம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைமானி காலை 8.30க்கு வாசிக்கப்படும். தரவுக் கோப்புகள் கிரீனிச் நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணித்தியால வித்தியாசம், அந்த அரை மணி எப்போதும் தலையிடி. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை நம் நேரத்துக்கு வெட்டவே முடியாது. ஆனால் காலை 8.30 என்பது கிரீனிச்சில் சரியாக 3 மணி! ஈஆர்ஏ5 மழைப் பதிவு, முந்தைய ஒரு மணித்தியாலத்தில் பெய்ததின் கூட்டு. ஆகவே 4 மணிப் பதிவிலிருந்து மறுநாள் 3 மணிப் பதிவு வரை கூட்டினால் தோட்டத்து மழைப் புத்தகத்தின் நாளோடு அச்சொட்டாகப் பொருந்தும். சிடிஓவில் ஷிஃப்ட்டைம் கட்டளையால் நேரத்தை நாலு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நாள் கூட்டுத்தொகை எடுக்கும் டேசம் கட்டளையைப் போட்டால் முடிந்தது. கிடைக்கும் நாள், மானியை வாசித்த நாளுக்கு முந்தைய நாளின் திகதியோடு வரும், அதை மட்டும் கவனியுங்கள். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த மென்பொருளுக்கு விசுவாசம். ஆண்டு ஆண்டாக வெட்டித்தான் கோப்பு இருக்கும் என்பதால் வருட ஓரத்து நாட்கள் உடைந்துபோகும். அதனால் ஈஆர்ஏ5 என்றால் முதலில் ஒட்டு, பிறகு கூட்டு. இரண்டையும் ஒரே வரியில் கோத்துவிடலாம், நடுவில் பெரிய கோப்பு வட்டில் விழாது.

அடுத்தது, இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து. பழைய கோப்பர்நிக்கஸ் கோப்புகள், 2024 செப்டம்பரில் புதிய தளத்துக்கு மாறுவதற்கு முன் இறக்கியவை, இன்னும் பலருடைய வட்டில் கிடக்கின்றன. சீனியர் ஜூனியருக்குக் கொடுத்து, ஜூனியர் தன் ஜூனியருக்குக் கொடுத்து, அப்படியே கைமாறி வரும். அவை சின்னதாக இருப்பதற்குக் காரணம் சுருக்கம் அல்ல. மழை அளவை அப்படியே எழுதாமல், 16 பிட் முழு எண்ணாக மாற்றி, "இதை இவ்வளவால் பெருக்கு, இவ்வளவு கூட்டு" என்று இரண்டு குறிப்பை மேலே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெருக்கலும் கூட்டலும் ஒவ்வொரு கோப்புக்கும் வேறு. கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு மலையிலும் சாக்குக்கென்று வெவ்வேறு கிலோ கழித்து எழுதிய துண்டுகளை வைத்துக்கொண்டு, முதல் துண்டின் கழிவையே எல்லாவற்றுக்கும் போட்டு மாதக் கணக்கு முடித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

அந்த 16 பிட்டுக்குள் 65,536 படிகள்தான் உண்டு. முதல் வருடக் கோப்பில் அதிகபட்ச மழை மணிக்கு 20 மில்லிமீட்டர் என்றால், 0 முதல் 20 வரை அந்தப் படிகள் பங்கிடப்பட்டிருக்கும். அடுத்த வருடத்தில் ஒரு மணித்தியாலம் 22 மில்லிமீட்டர் பெய்திருந்தால், அந்த எண்ணுக்கு முதல் கோப்பின் அளவுகோலில் இடமில்லை. இடமில்லாத எண்ணைப் பிடித்துத் திணித்தால் அது சுற்றிக்கொண்டு அடியிலிருந்து வரும், 22 என்பது 2 ஆகிவிடும். கவனியுங்கள், எதிர்மறை எண்ணாக வந்தாலாவது கண்ணில் படும். 2 மில்லிமீட்டர் என்பது மிகச் சாதாரண மழை. ஆக அந்த நாற்பது வருடத்தில் மிகக் கடுமையாகப் பெய்த மணித்தியாலங்கள் எவையோ, அவை மட்டும் பொறுக்கி எடுத்ததுபோலத் தூறலாக மாறியிருக்கும். மண்சரிவை ஆராய்கிறவருக்குத் தேவைப்படுவதே அந்த மணித்தியாலங்கள்தான்.

ஒரு தங்கச்சி பைதன் நிரல்மொழியில் எக்ஸ்அரே (xarray) என்ற தொகுப்பை வைத்து ஒட்டிய கோப்பைக் கொண்டுவந்தாள். வரைபடம் அழகாக இருந்தது, கோப்பும் சின்னதாக இருந்தது. அவள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிற பெருமழை நாள் மட்டும் அதில் காணோம். எக்ஸ்அரே பல கோப்புகளை ஒன்றாகத் திறக்கும்போது முதல் கோப்பின் பெருக்கல் குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்ப எழுதும்போது அதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடும் பழக்கம் கொண்டது. பிழை என்று எதுவும் திரையில் வராது. அதையே தவிர்க்கப் போய் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு எழுதினால், எண்கள் 64 பிட்டாக, சுருங்காமல் வெளிவரக்கூடும். 2 பைட் இருந்த இடத்தில் 8 பைட், நாலு மடங்கு. "ஊதிப்போச்சு" என்ற புகாரில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. எழுதும்போது ஒவ்வொரு மாறிக்கும் 32 பிட், சுருக்கம் 1 என்று கையால் கொடுத்தால் எக்ஸ்அரேயும் ஒழுங்காகத்தான் நடக்கும். கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிடிஓ இந்த இடத்தில் என்ன செய்கிறது? அதுவும் முதல் கோப்பின் குறிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் இடம் கொள்ளாத எண் வந்த உடனே, எண்ணை மாற்ற முடியவில்லை என்று சிவப்பாகச் சொல்லி நின்றுவிடும். பிள்ளைகள் இதைப் பார்த்து "சிடிஓ சரியில்ல அக்கா, பாதியில நிக்குது" என்கிறார்கள். எனக்கு அந்த நிற்பதுதான் பிடித்திருக்கிறது. பி என்ற தெரிவில் எஃப்32 என்று கொடுத்தால் எல்லாவற்றையும் 32 பிட் தசம எண்ணாக விரித்து எழுதும். அளவு இரண்டு மடங்காகும், கூடவே இசட் தெரிவையும் போட்டால் அதில் பெரும்பகுதி திரும்பக் குறையும். மழையில் பூச்சியம் நிறைய என்பதால் இந்த விலை பெரிதாக வலிக்காது. வெப்பநிலை என்றால் கொஞ்சம் வலிக்கும், அங்கே பூச்சியம் கிடையாதே.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவது என்சிஓ. கலிபோர்னியா அர்வைன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, கட்டளைகள் இன்னும் சுருக்கமானவை. அதிலுள்ள என்சிஆர்கேட் கட்டளை ஒட்டும் வேகத்தில் பிரமாதம், ஏனென்றால் எண்களை விரிக்காமல் அப்படியே எடுத்துப்போடும். அதனாலேயே இந்தப் பழைய கோப்புகளுக்கு அது ஆகாது. குறிப்புகள் எல்லாக் கோப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கை போடும், ஆனால் வேலையை நிறுத்தாது. எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள்? என்சிபிடிக்யூ கட்டளையால் ஒவ்வொரு கோப்பையும் முதலில் விரித்துவிட்டு, பிறகு என்சிஆர்கேட்டில் ஒட்டினால் சரி. விரிப்பதற்கு இடையில் வட்டில் இடம் வேண்டும், அதனால்தான் நான் சிடிஓவின் பக்கம். புதிய தளத்திலிருந்து இறக்கிய கோப்புகள் 32 பிட் தசம எண்ணாகவே வருவதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பழையதையும் புதியதையும் கலந்து ஒட்டப்போனால் வேறு தொல்லை: நேர அச்சின் பெயரே மாறியிருக்கும். அந்தக் கலவையை நான் எடுத்துக்கொள்வதில்லை, பழைய வருடங்களை மறுபடி இறக்கச் சொல்லிவிடுவேன்.

எதிர்பாராத ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சின்னப் பெட்டியாக வெட்டிச் சுருக்கிய மணிக்கணக்குக் கோப்பு சில வேளை எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்காது. நெட்சிடிஎஃப்-4 கோப்பு உள்ளே துண்டு துண்டாகச் சேமிக்கப்படும், ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சுருக்கப்படும். நேர அச்சு வளரக்கூடியது என்று குறிக்கப்பட்டிருந்தால், வழக்கமாக ஒரு நேரத்துக்கு ஒரு துண்டு. நம் 198 புள்ளிப் பெட்டியில் ஒரு துண்டு 792 பைட்தான். அவ்வளவு சின்னத் துண்டில் சுருக்க என்ன இருக்கிறது? மூன்றரை இலட்சம் துண்டுகள், அத்தனைக்கும் அட்டவணை வேறு. ஒரே இடத்தின் நாற்பது வருட மழையை எடுக்கப் போனால் மூன்றரை இலட்சம் துண்டையும் திறந்து பார்க்கும், கணினி முக்கும். இதை சிடிஓவுக்குள் சரிசெய்ய நான் மினக்கெடுவதில்லை. நெட்சிடிஎஃப் நூலகத்தோடு வரும் என்சிகாப்பி கட்டளையில் யு தெரிவால் நேர அச்சை நிலையாக்கி, சி தெரிவால் துண்டுக்கு ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் என்று அமைத்து, டி 1, எஸ் என்று சேர்த்தால் கோப்பும் சுருங்கும், வாசிப்பும் பறக்கும். எஸ் என்பது சுருக்குவதற்கு முன் பைட்டுகளை வரிசை மாற்றி அடுக்குவது. அதற்கு ஒரு செலவும் இல்லை, எப்போதும் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பெரிதாக இருக்கிறது என்றால், எத்தனை இலக்கம் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம். 32 பிட் எண் ஏழு இலக்கம் வரை பிடிக்கும். மழை 12.34567 மில்லிமீட்டர் என்று ஒரு கணினி மாதிரி சொன்னால், கடைசி மூன்று இலக்கத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? ஈஆர்ஏ5 கட்டம் ஒன்று 28 கிலோமீட்டர் போல. வட்டவளைக்கும் நுவரெலியாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம்தான். கினிகத்தேனைக் கணவாயில் ஏறி இறங்கும் மேகத்தைப் பற்றி அதற்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கடைசி இலக்கங்கள் தாறுமாறாக இருப்பதால் சுருக்கும் முறைக்கு அவைதான் பெரிய தடை. என்சிஓவில் பிபிசி என்ற தெரிவால் தேவையான இலக்கத்தை மட்டும் வைத்து மிச்சத்தை மழித்துவிடலாம், பிறகு அதே சுருக்கம் நன்றாகப் பிடிக்கும். முக்கிய இலக்கம் மூன்று அல்லது நாலு என்று கொடுங்கள். தசமத்துக்குப் பின் இத்தனை இலக்கம் என்று கொடுக்கும் வழியும் உண்டு, மழைக்கு அதைத் தொட வேண்டாம். ஈஆர்ஏ5 மழையை மீட்டரில் தருகிறது. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் என்றால் ஒரு சென்டிமீட்டர் துல்லியம், நம் மணிக்கணக்கு மழை அநேகமாக எல்லாம் பூச்சியமாகிவிடும். கோப்பு மட்டும் நன்றாகச் சுருங்கும்!

இலக்கம் மழிப்பது திரும்ப எடுக்க முடியாத வேலை. அதனால் மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, பகிரும் பிரதிக்கு மட்டும் செய்யுங்கள் என்பேன்.

சிடிஓவின் நல்ல பக்கத்தில் இன்னும் ஒன்று: நினைவகம். ஒரு நேரப் பதிவாக வாசித்து ஒரு நேரப் பதிவாக எழுதும் பழக்கம் என்பதால், ஒட்டும் வேலைக்கு 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே போதும். என் கடையில் போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற கணினி ஒன்றும் புதிதல்ல. பிள்ளைகளுக்குப் புது மெஷின் வாங்கு என்று சொல்ல வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

எரிச்சல் பக்கத்தில், மெர்ஜ்டைம் எல்லாக் கோப்பையும் ஒரே நேரத்தில் திறக்கும். வருடக் கோப்பு நாற்பது என்றால் பிரச்சினையில்லை. நாள் கோப்புகளாக ஆயிரக்கணக்கில் வைத்திருந்தால், லினக்ஸில் வழக்கமான 1,024 கோப்பு வரம்பில் முட்டி நின்றுவிடும். மாதம் மாதமாக ஒட்டிப் பிறகு வருடமாக ஒட்டுவது ஒரு வழி. கேட் என்ற கட்டளை இன்னொரு வழி, அது ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். ஆனால் திகதி வரிசை பார்க்காது, ஏற்கனவே அதே பெயரில் வெளிக்கோப்பு இருந்தால் அதன் வாலில் கொண்டுபோய் ஒட்டும். இரண்டு தடவை ஓட்டினால் நாற்பது வருடம் எண்பது வருடமாகும். ஒரே நேரம் இரண்டு கோப்பில் வந்தால் மெர்ஜ்டைம் இரண்டையும் வைத்துக்கொள்ளும், அதைத் தவிர்க்க ஸ்கிப் சேம் டைம் என்ற சூழல் மாறியை 1 ஆக்க வேண்டும். இதையெல்லாம் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கையேடு தொலைபேசிப் புத்தகக் கனம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வேலை தொடங்கும் முன் "வெளிவரும் கோப்பு சுமார் இவ்வளவு, வட்டில் உள்ள இடம் இவ்வளவு" என்று ஒரு வரி. புள்ளி எண்ணிக்கை, நேர எண்ணிக்கை, பைட் எல்லாம் அதற்குத் தெரியும். பெருக்கிச் சொல்ல மனமில்லை. அதுவரை நீங்களே எஸ்இன்ஃபோ கட்டளையால் அந்த எண்களைப் பார்த்து, கடையில் பில் போடுகிற கால்குலேட்டரில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒட்டி முடித்ததும் இன்ஃபோன் கட்டளையால் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பாருங்கள். தனித்தனிக் கோப்புகளில் மிகப் பெரிய எண் எதுவோ அதுவே ஒட்டிய கோப்பிலும் மிகப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

நிறுவுவது உபுண்டுவில் ஒரு வரி. விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டவிடும் டபிள்யூஎஸ்எல்லைப் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ள வேண்டும், அதை இறக்கும் அன்று நல்ல இணையம் உள்ள இடத்துக்குப் போங்கள். பொத்தான், ஜன்னல் எதுவும் கிடையாது, எல்லாம் கறுப்புத் திரையில் தட்டச்சுத்தான். மவுஸை விட மனமில்லாதவர்கள் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நாசாவின் பனோப்ளியை வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம், ஜாவா மட்டும் வேண்டும். அதில் ஒட்ட முடியாது, பார்க்கலாம். ஒட்டுவதற்கு இந்தப் பக்கம்தான் வர வேண்டும். கடை ஞாயிறு பகல் வரை திறந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வாருங்கள், வெட்டாத உலகக் கோப்பைக் கொண்டு வராதீர்கள்.